போராட்டமா, பட்டமா?

அன்புள்ள ஐயா,

நான் நீலகிரி இருளர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எங்கள் பாட்டிமார் பாடும் பாட்டுகளைப் பதிவுசெய்து ஆய்வு செய்கிறேன். உதவித்தொகை தாமதமானதற்காக மாணவர்கள் உட்கார்ந்த போராட்டத்தில் நானும் பேசினேன். "போராட்டமா, பட்டமா, ஒன்றை முடிவு பண்ணு" என்கிறார் நெறியாளர். என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், முண்டா பழங்குடியில் பிறந்த மொழியியல் அறிஞர் ராம் தயாள் முண்டாவின் நினைவுதான் வந்தது. இன்றைய ஜார்க்கண்டில், ராஞ்சிக்குப் பக்கம் தமாட் வட்டாரத்தில் தியூடி என்ற சிற்றூரில் 1939இல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து, மினசோட்டாவில் பேராசிரியராக இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் ராஞ்சிக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகளுக்கென்று ஒரு துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கடியா என்று ஒன்பது மொழிகள். அதில் குடுக் நம் திராவிடக் குடும்பத்து மொழி. உங்கள் இருள மொழிக்கு வடக்கே இருக்கும் தூரத்துச் சொந்தம்.

அப்புறம் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரும் ஆனார். நீண்ட தலைமுடியோடு, கழுத்தில் நகரா மேளத்தை மாட்டிக்கொண்டு அவர் அடிக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். முண்டாக்களிடம் ஒரு பழமொழி உண்டு: "சென் கி சுசுன், கஜி கி துரங்." நடந்தால் ஆட்டம், பேசினால் பாட்டு என்று அர்த்தம். அதை அவர் வாழ்ந்தே காட்டினார். சர்ஹுல் என்ற வசந்தத் திருவிழாவில் ஊர் மக்களோடு மேளம் அடித்து ஆடுவதை அவர் பதவிக்குக் குறைச்சலாக நினைக்கவில்லை.

சரி, அரசியலுக்கு வருகிறேன். முண்டாக்களின் மொழியான முண்டாரியில் நம் 'நாம்', 'நாங்கள்' போலவே இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'அபு', சேர்க்காவிட்டால் 'அலே'. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய முண்டாத் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரோடு இன்றும் முழங்கும் கோஷம் "அபுவா திசும், அபுவா ராஜ்": நமது நாடு, நமது ஆட்சி. 'அலே' அல்ல, 'அபு'. கேட்டுக்கொண்டு நிற்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல் அது. இந்தி வழியாக மட்டும் அந்தக் கோஷத்தைக் கேட்டால் இது காதிலேயே விழாது. முண்டாரி இலக்கணத்தில் ஊறிய ஒருவர் ஜார்க்கண்ட் தனி மாநிலக் கோரிக்கைக்குக் குரல் கொடுத்தபோது, இந்த மக்களுக்குத் தனி மொழியும் நினைவும் உண்டு என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. 1989இல் மத்திய அரசு அமைத்த ஜார்க்கண்ட் விவகாரக் குழுவில் அவரும் உறுப்பினர். 2000 நவம்பர் 15, பிர்சாவின் பிறந்தநாளில், மாநிலம் பிறந்தது. 2010இல் மாநிலங்களவைக்கு நியமனமானார். மறுவருடமே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் செய்ததில் எது பெரிது என்று கேட்டால், மாநிலங்களவை இடமோ துணைவேந்தர் நாற்காலியோ அல்ல, அந்தத் துறைதான் என்பேன். தன் தாய்மொழியில் முதுகலை படிக்கலாம் என்பது ஒரு பழங்குடிப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பட்டத்தை விடாதீர்கள். முண்டா முதலில் படிப்பை முடித்தார். அந்தப் படிப்பு கடைசிவரை அவர் கையில் இருந்தது. ஆனால் உதவித்தொகை வராமல் ஒரு பிள்ளை விடுதியைக் காலி செய்யும்போது நீங்கள் பேசியது தவறே இல்லை. அடுத்த கூட்டத்திலும் பேசுங்கள். மறுநாள் காலை அத்தியாயத்தை எழுத உட்காருங்கள்.

ஒரே ஒரு அவசரம்: பாட்டிகளுக்கு வயதாகிறது. பாடுபவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவர்கள் குரலிலேயே சொல்ல வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். முதல் பாட்டை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அதில் 'நாம்' எங்கே வருகிறது, 'நாங்கள்' எங்கே வருகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.