ஊதும் எண் ஏறவில்லை, ஊசி வீணா?

கேள்வி: கடும் ஆஸ்துமாவுக்காக அம்மாவுக்கு நான்கு மாதமாக மெப்போலிசுமாப் ஊசி போடுகிறோம். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எண் ஏறவே இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த ஊசியின் முதல் வேலை, மூச்சுத்திணறல் திடீரென முற்றுவதைக் குறைப்பது. அப்படி முற்றியபோது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை குறைந்தது 3 நாள் தேவைப்பட்ட தடவைகளை எண்ணி, ஊசிக்கு முந்தைய 12 மாதத்தோடு ஒப்பிடுங்கள். தினமும் அந்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அளவு குறைந்ததா என்பதே பெரிய விஷயம். கடந்த 4 வாரத்தில் ஆஸ்துமா எவ்வளவு கட்டுக்குள் இருந்தது என்று கேட்கும் ஏசிடி கேள்வித்தாளில் முழு மதிப்பெண் 25. 20 தொட்டால் நல்ல கட்டுப்பாடு, 3 ஏறினாலே உண்மையான மாற்றம்.

வீட்டில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் நின்றபடி மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எழுதுங்கள், சராசரியை அல்ல. ஒருநாள் இன்ஹேலருக்கு முன், மறுநாள் பின் என்று ஊதினால் அந்தக் குறிப்பேடு குப்பைதான். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு சரிந்ததை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம். மருந்து உள்ளே வேலை செய்கிறது என்றுதான் அது சொல்லும், மூச்சு எளிதானதா என்று சொல்லாது.