விடுமுறையில் விநோதப் பொருட்கள் மியூசியத்துக்கும் கண்ணாடி மேஸுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, நேர விரயமா?

கேள்வி கேட்டவர் இரண்டு பிள்ளைகளோடு லீவுக்குக் கிளம்புகிறார். போகிற இடத்தில் ஒரு விநோதப் பொருட்கள் மியூசியமும் அதை ஒட்டியே ஒரு கண்ணாடி மேஸும் (முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வெளியே வருகிற இடம்) இருக்கின்றன. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியுமோ என்று யோசிக்கிறார். அந்தப் பன்னிரண்டு வயதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நான் போனது போல எதையும் யோசிக்காமல் போகாதீர்கள்.

நாங்கள் போனபோது என் மகளுக்கும் பன்னிரண்டு. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். நான் ஆறடி மூன்று, என் மனைவி ஐந்தடி. ஆக, உயரம் என்னிடமிருந்து வந்ததுதான். எனக்கு அது ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. வாலிபால் டீமில் தேடி வந்து சேர்த்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் 'நல்ல உயரம்' என்றார்கள். அதே உயரம் மகளுக்கு வந்ததும் எல்லோருக்கும் கேள்வியாகிவிட்டது. இன்னும் வளருவாளா, டாக்டரிடம் காட்டினீர்களா, என்ன கொடுத்து வளர்க்கிறீர்கள் என்று அவளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஒரே வருடத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள். (டாக்டரிடம் காட்டினோம். கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சியையும் பார்த்தாயிற்று, ஒரு கோளாறும் இல்லை. கீழே கமெண்டில் வந்து அதையே கேட்க வேண்டாம்.)

டிக்கெட் கவுன்டரிலேயே ஆரம்பித்தது. சிறுவர் டிக்கெட் என்றதும் அங்கிருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பள்ளி அடையாள அட்டையைப் போனில் தேடிக் காட்டும்வரை வரிசை முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவள் பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே முதல் ஹால் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நுழைந்ததும் முறுக்கு விழுந்த நீளமான ஒரு கொம்பு. யூனிகார்ன் (கதைகளில் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரை) கொம்பு என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் உண்மையை எழுதியிருந்தார்கள். அது நார்வால் என்கிற திமிங்கிலத்தின் பல். ஐரோப்பாவில் சில நூறு ஆண்டுகளுக்கு முன் வசதி படைத்தவர்கள் இப்படி விநோதங்களைச் சேர்த்து வீட்டில் ஒரு அறையில் வைத்திருந்தார்கள், இன்றைய மியூசியங்களுக்கு அதுதான் தாய்வீடு. டென்மார்க்கில் ஓலே வோர்ம் என்ற மருத்துவரிடம் அப்படி ஒரு சேகரிப்பு இருந்தது. யூனிகார்ன் கொம்பு என்று விற்கப்பட்டதெல்லாம் நார்வால் பல்தான் என்று 1638இல் எடுத்துக்காட்டியவர் அவர்தான். விநோதம் சேர்த்த ஆளே அதை அவிழ்த்தும் காட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பையனுக்கு அதற்குப் பக்கத்தில் இருந்த கடற்கன்னி பிடித்துவிட்டது. மேலே குரங்கு, கீழே மீன், நடுவில் தையல். 1842இல் பார்னம் என்கிற வேடிக்கைக் காட்சிக்காரர் நியூயார்க்கில் இப்படி ஒன்றைக் காட்டித்தான் கூட்டம் சேர்த்தார், நாங்கள் பார்த்தது அதன் மாதிரி. பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு அவன் நகரவில்லை.

அடுத்து உருவத்தை நெளித்துக் காட்டும் கண்ணாடிகள். ஒரு கண்ணாடி பக்கவாட்டில் வளைந்திருக்கும், அகலத்தை மட்டும் சுருக்கும், ஆள் நெடுநெடுவென்று தெரிவார். பையன் அதன் முன்னால் போய் நின்று, "ஐ, நான் அக்கா மாதிரி ஆயிட்டேன்!" என்று கத்தினான். ஏழு வயது, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே இல்லை.

அடுத்த அறையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில்தான் ராபர்ட் வாட்லோவின் சிலை. அளந்து பதிவு செய்யப்பட்ட மனிதர்களிலேயே உயரமானவர், 272 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட எட்டடி பதினோரு அங்குலம். இந்த மாதிரி மியூசியங்களில் அவர் சிலையை அடிக்கடி பார்க்கலாம். எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். வரிசையிலிருந்த ஒருவர் என் மகளைப் பார்த்து, "நீயும் போய் நில்லும்மா, ஜோடி சரியா இருக்கும்" என்றார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. அவள் ஓரத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிலைக்குக் கீழே பெயரும் உயரமும் மட்டும்தான் எழுதியிருந்தது. அதனால் போனை எடுத்து அவரைப் பற்றித் தேடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். 1918இல் அமெரிக்காவின் ஆல்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதிலேயே அப்பாவைத் தாண்டிவிட்டார். பதின்மூன்றில் ஏழடிக்கு மேல், பாய் ஸ்கவுட்டில் இருந்தார். மூளைக்கு அடியில் இருந்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததுதான் காரணம்.

"அவருக்கு எத்தனை வயசுப்பா?"

"இறந்தப்போ இருபத்திரண்டு."

"அவ்ளோதானா?"

காலுக்குத் தாங்கலாக பிரேஸ் மாட்டியிருந்தார். பாதத்தில் உணர்ச்சி குறைவு. பிரேஸ் உரசிக் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவில்லை, அதில் சீழ் பிடித்து 1940 ஜூலையில் இறந்துபோனார். அவருடைய சாமான்களைப் பின்னால் யாரும் வேடிக்கைப் பொருளாக வைத்துக் காசு பார்த்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். இதை வாசிக்கும்போது எதிரில் போட்டோ வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

அப்புறம் அவர் சர்க்கஸோடு போன கதை. வேடிக்கை மனிதர்களை நிறுத்தி வைக்கும் பக்கக் கூடாரத்தில் நிற்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நடு மேடையில் மட்டும் வருவேன், அதுவும் என் சாதாரண உடுப்பில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் நிமிர்ந்து, "அப்போ அவர் முடியாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள்.

"ஆமாம்மா, சொல்லியிருக்கார்."

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேஸுக்குப் போக முடியும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். உயரமான பிள்ளை என்றால் வகுப்பில் கடைசி பெஞ்ச். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் மகளுக்கு அந்த ஒரு இடம்தான். நாலாம் வகுப்பில் மார்க் குறைந்தது. கவனமில்லை, கனவு காண்கிறாள் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். நாங்களும் அதை நம்பி அவளைத் திட்டினோம். இரண்டு வருடம் கழித்துத்தான் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. போர்டில் எழுதியது ஒன்றுமே தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "முன்னாடி உட்கார்ந்தா எல்லாரையும் மறைப்பேன்னு மிஸ் சொன்னாங்க" என்கிறாள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். முன்வரிசையில் சுவர் ஓரமாக ஒரு இடம் போட்டால் யாருக்கும் மறைக்காது. கண் டாக்டர் கொடுத்த சீட்டோடு போய்க் கேட்ட பிறகுதான் அந்த இடம் கிடைத்தது. ஆண்டு விழா நாடகத்தில் வருடா வருடம் அவளுக்கு மரம் வேஷம் கொடுத்ததைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிலாகிவிடும்.

சரி, மேஸ்.

வாசலில் கண்ணாடியில் விரல் ரேகை படியாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். இது வெறும் கண்ணாடிக் கூண்டுதானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு தகவல். செக் நாட்டின் தலைநகர் பிராகாவில், 1891 கண்காட்சிக்காகக் கட்டிப் பின்னால் பெட்ரின் குன்றுக்கு மாற்றிய கட்டடத்தில் இருக்கும் மேஸுக்குள் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லூசர்னில் இருப்பது 1896இல் ஜெனீவா கண்காட்சிக்காகச் செய்தது, 90 கண்ணாடிகள், பின்னால் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். நூற்றாண்டைத் தாண்டியும் ஆட்கள் விரும்பிப் போய்த் தொலைகிற இடங்கள் இவை.

நான்தான் முன்னால் போனேன். பெரிய எட்டாக வைத்துப் பழகிய கால், பத்தாவது அடியில் நெற்றி கண்ணாடியில் இடித்தது. திரும்பினால் மனைவியையும் பையனையும் காணோம். பிம்பங்கள் மட்டும் நாலா பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. வேடிக்கைக்கு வந்த இடம் என்று தெரிந்தும் நெஞ்சு படபடத்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போது என் கையைப் பிடித்தது மகள். "நீங்க என் பின்னாடி வாங்கப்பா" என்றாள். கண்ணாடிகளெல்லாம் முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன, மூலைக்கு மூலை கம்பம் இருக்கிறது என்பதை அவள் அதற்குள் கவனித்துவிட்டாள். சம பக்க முக்கோணம் என்றால் ஒவ்வொரு மூலையும் 60 டிகிரி. எல்லா அறையும் ஒரே அளவில் இருப்பதால்தான் எது வழி, எது பிம்பம் என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அவள் கையை நீட்டி, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை தடவிப் பார்த்து, கண்ணாடி தட்டாத பக்கமாக நடந்தாள்.

பாதி வழியில் ஒரு மூலையில் நின்றுவிட்டாள். 60 டிகிரியில் இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தால் ஐந்து பிம்பங்கள் விழும். 360ஐ 60ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும், பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். அவளோடு சேர்த்து ஆறு பேர், வட்டமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. அதற்கும் அப்பால், எதிரெதிர்க் கண்ணாடிகளில், இன்னும் எத்தனையோ பேர் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆழத்தில் எல்லாம் லேசாகப் பச்சை தட்டியது. கண்ணாடி ஒவ்வொரு முறை ஒளியைத் திருப்பும்போதும் மற்ற நிறங்களைக் கொஞ்சம் அதிகமாக விழுங்கிவிடும், பச்சைதான் மிஞ்சும்.

"அப்பா, இங்க எல்லாரும் என் ஹைட்தான்" என்றாள்.

பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அப்புறம் அவளே நடந்தாள். வழியில் அம்மாவையும் தம்பியையும் கண்டுபிடித்து, எங்கள் மூன்று பேரையும் அவள்தான் வெளியே கொண்டுவந்தாள்.

வெளியே வந்தால் கடை. அந்தப் போட்டோ வரிசைக்காரர் குடும்பத்தோடு அங்கே நின்றிருந்தார். "வாம்மா, எங்க பசங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம், இவ்ளோ உயரப் பொண்ண நாங்க பார்த்ததில்ல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம் அங்கிள்" என்று அவளே சொல்லிவிட்டாள். கோபம் இல்லாமல், தலையைக் குனியாமல். அவர் சரி சரி என்று போய்விட்டார். அந்த ஆள்மேல் எனக்கு இப்போது வருத்தம் எதுவும் இல்லை.

'இதற்குப் பதிலாக நல்ல அறிவியல் மியூசியத்துக்குப் போகலாமே' என்று யாராவது எழுதுவார்கள். அங்கேயும் போகிறோம். மனிதர்களைக் காட்சிக்கு வைப்பதே தப்பு, அந்த இடத்துக்கே போகக் கூடாது என்றும் சிலர் சொல்வார்கள். அதில் பாதி எனக்கும் சம்மதம். சார்லஸ் பைர்ன் என்ற உயரமான அயர்லாந்துக்காரர் 1783இல் இறக்கும்போது தன்னைக் கடலில் அடக்கம் செய்யச் சொன்னார். அதையும் மீறி ஒரு மருத்துவர் உடலை வாங்கி, எலும்புக்கூட்டை லண்டனில் தன் சேகரிப்பில் வைத்தார். அந்த மியூசியம் 2023இல் மறுபடி திறந்தபோதுதான் அதைக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். இத்தனையும் தெரிந்துதான் போகச் சொல்கிறேன். வாட்லோவின் சிலையைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் முடியாது என்று சொன்ன கதை என் மகளுக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது: வார நாளில், திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் இருந்தால் மேஸில் ஒன்றும் புரியாது. சிலைகளுக்குக் கீழே எழுதியிருப்பது போதாது, அந்த ஆட்களின் கதையை முதல் நாளே படித்து வைத்துக்கொண்டு அங்கே நின்று சொல்லுங்கள். மேஸில் கையை முன்னால் நீட்டி மெதுவாக நடங்கள். சின்னவனை ஓட விடாதீர்கள், மூக்கு உடையும். சுற்றும் குகை மாதிரி ஒன்று இருந்தால், தலைசுற்றல் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். நடைபாலம் அசையாது, சுவர்தான் சுற்றுகிறது, ஆனாலும் உடம்பு அதை நம்பாது. பெரியவளை மேஸில் முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள்.