ஐந்தாம் மாதம் வீட்டுக்கு வரும் குழந்தைக்கு 14,400 ரூபாய் பேசினெட் எதற்கு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 26,000. இரண்டு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மனைவியும் குழந்தையும் காங்கேயம் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள், ஐந்தாம் மாதம் அழைத்து வர வேண்டும். நாங்கள் இருப்பது லைன் வீடு, பத்துக்குப் பத்து அறை ஒன்று, சமையலறை ஒன்று. மாமனார் மரத் தொட்டில் செய்யலாம் என்கிறார், அதற்கு இடமில்லை. பேசினெட் என்கிற மேல்படுக்கையோடு சேர்ந்த பிளேயார்டு, அதாவது வலை வைத்த மடக்குத் தொட்டில், 14,400 ரூபாய், வட்டியில்லாத் தவணை என்கிற நோ காஸ்ட் இஎம்ஐயில் ஒன்பது மாதம் 1,600 கட்டினால் போதும். பேசினெட் இல்லாத மாடல் 6,200. எதை வாங்கலாம்? கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 38,000 பாக்கி இருக்கிறது, மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, மினிமம் டியூவை, தவறாமல் கட்டி வருகிறேன். மச்சானுக்கு (அக்கா வீட்டுக்காரர்) வாங்கிய போனும் அக்கா வீட்டு வாஷிங் மெஷினும் அதில்தான் இருக்கின்றன. செல்வமகள் கணக்கும் தொடங்க ஆசை.

பதில்: தம்பி, நேராகக் கடைசி வரிகளுக்கு வருகிறேன். தொட்டிலைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு 38,000 ரூபாயைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் வீட்டைச் சாப்பிடுவது அதுதான்.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்ட்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 38,000க்கு 1,330 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு 240. ஆக 1,570. நீங்கள் மாதம் கட்டுவது சுமாராக 2,000. அதில் அசலுக்குப் போவது 430 ரூபாய்தான். இப்படியே ஒரு வருடம் 24,000 கட்டினால் பாக்கி ஆறாயிரத்து ஐநூறு குறைந்திருக்கும், அவ்வளவுதான், அதுவும் இடையில் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தால். தேய்த்தாலோ, பழைய பாக்கி நிற்கிற வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறோம் என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அதைத்தான் பேங்க்காரர் ஆசைப்படுகிறார்.

இந்தக் கார்டில்தான் நோ காஸ்ட் இஎம்ஐ போடப் பார்க்கிறீர்கள். அந்த இஎம்ஐயே உங்களை முழுக்கடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பேங்க் வட்டி போடத்தான் செய்யும், கடைக்காரர் அதே அளவு விலையைக் குறைப்பதாகக் கணக்குக் காட்டுவார், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்கள் தலையில் விழும், எல்லாம் சேர்ந்து நானூறு ரூபாய் பக்கம் வரலாம். ஆனால் அந்த 1,600 ஒவ்வொரு மாதமும் மினிமம் டியூவோடு முழுசாகச் சேரும். இப்போது 2,000 கட்டுகிற இடத்தில் 3,600 கட்ட வேண்டும். ஏதாவது ஒரு மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று போனால் அங்கே குறைகிற பணமும் அதே 3.5 சதவீதத்தில் ஏறிக்கொள்ளும்.

சரி, தொட்டிலுக்கு வருவோம். பேசினெட் என்பது பிளேயார்டின் மேல்பகுதியில் மாட்டுகிற ஆழமில்லாத படுக்கை. குழந்தை குப்புற விழுந்து கையை ஊன்றி எழ ஆரம்பித்ததும் அதில் படுக்க வைக்கக் கூடாது. பெரும்பாலான மாடல்களில் எடை வரம்பும் ஏழு கிலோ பக்கம்தான். நம் குழந்தைகள் நாலு, ஐந்து மாதத்தில் குப்புற விழுந்துவிடுவார்கள். உங்கள் மகள் வீட்டுக்கு வருவதே ஐந்தாம் மாதம். ஏனுங்க தம்பி, பேசினெட்டை எடுத்து வைக்க வேண்டிய மாதத்தில் பேசினெட் வாங்கி என்ன செய்வது? கூடவே வருகிற டயப்பர் மாற்றும் பலகை, தொங்குகிற பொம்மை, பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த எட்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். இதில் போனிலிருந்தே ஆட்டிவிடுகிற மோட்டார் வைத்த தொட்டில்கள் வேறு வந்திருக்கின்றன. கேட்காதீர்கள், எரிச்சலாக வருகிறது.

6,200 மாடல் போதும். குழந்தை ஏறிக் குதிக்கப் பார்க்கிற வரை, உயரம் மூன்றடி தொடுகிற வரை உதவும். வாங்குவதற்கு முன் மூன்றரை அடிக்கு இரண்டரை அடி என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். கட்டிலும் பீரோவும் போக அந்தக் கட்டம் எங்கே விழுகிறது, பீரோக் கதவு முழுசாகத் திறக்கிறதா, ராத்திரி எழுந்து சமையலறைக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டபிள் என்பதை நம்பி தினமும் மடித்து வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பத்துக் கிலோ பக்கம் இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் யாரும் மடிப்பதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு குழந்தையோடு காங்கேயம் பஸ் ஏறுவதும் நடக்கிற காரியமில்லை.

பழையது கிடைத்தாலும் நல்லதே. நாலு பக்கக் கம்பியும் பூட்டுப் போல இறுகி நிற்கிறதா, வலையில் கிழிசல் இருக்கிறதா, கூட வந்த மெத்தை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மெத்தை மெல்லிசாக இருக்கிறதே என்று அம்மாயி, உங்கள் மாமியார், இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தைத்துப் போடுவார், தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணையும் வரும். இரண்டும் வேண்டாம். ஓரத்து இடைவெளியில் குழந்தையின் முகம் மாட்டிக்கொள்ளும், தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் டாக்டர்கள் சொல்வது. கொசுவலை மட்டும் நல்லதாக வாங்குங்கள், திருப்பூர்க் கொசுவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த 6,200ஐயும் நீங்கள் போட வேண்டியதில்லை. குழந்தையை அழைத்து வரும்போது தொட்டிலோடு அனுப்ப மாமனார் தயாராகத்தான் இருக்கிறார். மரத் தொட்டில் வேண்டாம், மடக்குகிறதை வாங்கிக் கொடுங்கள் என்று உங்கள் வீட்டம்மா சொல்லட்டும். நீங்கள் சொன்னால் மாப்பிள்ளை சீர் கேட்கிறார் என்று ஆகிவிடும்.

இப்போது கார்டு. உங்கள் விரலில் கிடக்கிற கல்யாண மோதிரம் ஒரு பவுன் என்கிறீர்கள். இன்றைய விலையில் அதை அடகு வைத்தாலே 38,000 தாராளமாகக் கிடைக்கும். பொதுத்துறை வங்கியில் வையுங்கள், வருடத்துக்கு 9, 10 சதவீதம், மாதம் 315 ரூபாய் வட்டி. 1,570 எங்கே, 315 எங்கே. கார்டு பாக்கியை ஒரே நாளில் முடித்துவிட்டு, இப்போது கட்டுகிற 2,000, இஎம்ஐக்கு ஒதுக்கிய 1,600, இரண்டையும் சேர்த்து மாதம் 3,600 நகைக்கடனில் கட்டுங்கள். ஒரு வருடத்துக்குள் மோதிரம் கைக்கு வந்துவிடும். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய, அதில் மட்டும் இறங்காதீர்கள். வீட்டம்மாவின் நகையையும் தொடாதீர்கள்.

செல்வமகள் கணக்கை இப்போதே 250 ரூபாயில் தொடங்கி வைக்கலாம், தப்பில்லை. ஆனால் வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு எட்டுச் சொச்சம் சதவீதத்துக்குச் சேமிப்பது கூடாது. பெரிய தொகை மோதிரம் திரும்பிய பிறகு போகட்டும்.

மச்சான் விஷயம்தான் உங்களுக்குச் சங்கடம். போனில் 19,000, வாஷிங் மெஷினில் 11,000, ஆக 38,000ல் 30,000 உங்கள் வீட்டுச் செலவே இல்லை. அக்கா மகளுக்கு நாளைக்குப் பூப்புச் சடங்கான தெரட்டி என்றால் தாய்மாமன் சீரோடு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும், முகத்தை முறித்துக்கொள்ள முடியாது, தெரியும். அதற்காக, சீர் வரும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சபையில் யாரும் கழிக்க விட மாட்டார்கள். மச்சானுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை வாரக்கூலி வருகிறது. மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது, வாரம் 750 கேளுங்கள், 40 வாரத்தில் முடியும். அக்காவையும் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஸ்டேட்மெண்ட்டைக் காட்டியே கேளுங்கள். வட்டியை நீங்கள் சுமப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பணமும் நகைக்கடனுக்கே போனால் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும்.

அப்புறம், மச்சான் போனில் இருக்கிற ஷாப்பிங் ஆப்பில் உங்கள் கார்டு ஏறியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அதை அழித்துவிட்டு வாருங்கள், அடுத்த முறை ஓடிபி கேட்டுக் கூப்பிட்டால் கார்டை முடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.