மூழ்கிய அன்றே மலை ஏறாதீர்கள்

கேள்வி: எங்கள் கல்யாணத்துக்கு 25 வருஷம் ஆவதால், மகன் அந்தமானுக்கு ஐந்து நாள் பேக்கேஜ் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஹேவ்லாக் ரிசார்ட்டில் ஸ்கூபா டைவிங், கடைசி நாள் காலை போர்ட் பிளேர் பக்கம் நார்த் பே தீவில் இன்னொரு டைவ், மதியம் விமானம், இரவு வீடு. ‘டைவ் அடித்த அன்றே விமானம் ஏறக் கூடாது’ என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியானால் விமானமே வேண்டாம், காரில் புதுச்சேரி போய் காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாமே? பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறவர்கள் நாங்கள், குறைந்த காற்றழுத்தம் பழகிய உடம்புதானே? மனைவிக்கு லேசாக வீசிங் உண்டு. ஃபாரத்தில் அதை எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட்.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. நீங்கள் யோசித்திருக்கும் மாற்றுவழி சரியில்லை. ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள்.

விமானத்தில் என்ன ஆபத்தோ, அதே ஆபத்து உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், குஞ்சப்பனை தாண்டி மேலே வரும்போது ஊதிய பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த காற்று கூடவில்லை, வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் குறைவு. பயணிகள் விமானத்தின் உள்ளே, வழக்கமான பறப்பில், 8,000 அடி உயரத்துக்கு உரிய அழுத்தத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அது 2,438 மீட்டர். ஆக, ஊட்டிக்கும் விமானத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்தமான் விமானமாவது இரண்டு மணி நேரத்தில் சென்னையில் இறங்கி உங்களைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். கோத்தகிரி வீட்டில் நீங்கள் இரவு முழுக்க அந்த உயரத்திலேயே படுத்திருப்பீர்கள்.

உயரம் ஏன் ஆகாது? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் அது தரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. சிலிண்டரிலிருந்து வரும் காற்றையும் அதே அழுத்தத்தில்தான் சுவாசிக்கிறோம். அந்தக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை, ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பிறகு மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அது முடிவதற்குள் வெளி அழுத்தத்தை இன்னும் குறைத்தால், மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழாகக் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. முதுகுத்தண்டில் கிளம்பினால் கால் விளங்காமல் போகலாம். நியூயார்க்கில் ப்ரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று அறைகளில் அடித்தளம் தோண்டியவர்கள் இந்த நோயில்தான் விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் இதனால் முடங்கினார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களை உதாரணம் காட்டாதீர்கள். அவர்கள் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு போய் வந்தவர்கள், ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர்கள் அல்ல.

டைவிங் பாதுகாப்புக்கென்றே இருக்கும் சர்வதேச அமைப்பு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவோ பல நாள் டைவிங்கோ என்றால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள் என்கிறது அது. ஆழத்துக்குப் போய், வழியில் கட்டாயமாக நின்று நின்று மேலே வரவேண்டிய டைவ் என்றால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கு தொடங்குவது 2,000 அடி உயரத்திலிருந்து. மலைப்பாதைக்கும் இதே கணக்குதான். நான் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் பேக்கேஜில் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம்தான். அந்தக் காலை டைவை விற்றவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

புதுச்சேரி திட்டத்தைத்தான் இன்னும் பயத்தோடு பார்க்கிறேன். விமானத்தில் போகிறவர் என்றால் டைவ் மாஸ்டர் ஒரு வார்த்தை எச்சரிப்பார். காரில் வந்தவர் மலை ஏறப்போகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. காலை பத்து மணிக்கு இரண்டாவது டைவ் முடித்து, சேலம் வழியாக வந்தால், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மேட்டுப்பாளையம். அங்கேயே தங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையமும் கோயம்புத்தூரும் 2,000 அடிக்குக் கீழே இருக்கும் ஊர்கள், அங்கே தூங்குவதில் பயமில்லை. மறுநாள் மதியம் மேலே வாருங்கள். கொடைக்கானல் வாசகர்களுக்கும் இதைச் சொல்கிறேன், உங்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. ராமேஸ்வரம் பக்கம் காலையில் மூழ்கி எழுந்து மதுரை வழியாகக் கிளம்பினால், அன்று மாலையே வத்தலக்குண்டு தாண்டி 2,100 மீட்டருக்கு மேல் போய் நிற்பீர்கள். அன்றிரவு மதுரையில் தங்குங்கள்.

மலை உடம்பு என்றீர்கள். உயரத்தில் வாழ்கிறவர்களின் ரத்தம் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கப் பழகியிருக்கும், உண்மைதான். குமிழ் கட்டுவது நைட்ரஜன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சென்னைக்காரர் திரும்பிப் போவது கடல்மட்டத்துக்கு, நீங்கள் திரும்புவது மலைக்கு. அதனால் அவரைவிட நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டைவ் முடித்து ஒரு நாளைக்குள் தோளிலோ முழங்கையிலோ காரணம் தெரியாத வலி, விரல் மரத்துப்போவது, தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பது, தலைசுற்றல், நடை தள்ளாடுவது, சிறுநீர் பிரியாமல் போவது என்று எது வந்தாலும் பயணக் களைப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வாக்கியமாக ‘நேற்று கடலுக்கடியில் சிலிண்டர் போட்டு டைவ் செய்தேன்’ என்று சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்து ஊரில் இருக்கும் டாக்டருக்கு அது தானாகத் தோன்ற வழியில்லை, வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். உடனே கொடுக்க வேண்டியது சுத்த ஆக்சிஜன். அதோடு தாமதிக்காமல் மலையிலிருந்து இறங்கி, அழுத்த அறை சிகிச்சை (மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைச் சுருக்குவது) கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் மனைவி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஃபாரத்தில் வீசிங்கை மறைக்கச் சொல்கிற ஏஜென்டிடம் இனி ஒரு டிக்கெட்கூட வாங்காதீர்கள். 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். ‘மூச்சை அடக்காதே’ என்பதை முதல் விதியாகச் சொல்லிக்கொடுப்பது அதற்காகத்தான். வீசிங்கால் மூச்சுக்குழல் சுருங்கி எங்காவது காற்று அடைபட்டால், விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கலாம், ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். சிலிண்டர் காற்று ஈரமே இல்லாதது, அதுவே வீசிங்கைத் தூண்டிவிடும். நுரையீரல் டாக்டரைப் பார்த்து, மூச்சுத் திறன் பரிசோதனை செய்து, அவர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டுமே அம்மா தண்ணீரில் இறங்கட்டும். இல்லையென்றால் நார்த் பேயில் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, பவளப்பாறையை நனையாமலே பார்க்கலாம்.

உங்களுக்கும் ஒன்று. கோத்தகிரி குளிரில் பிடித்த சளியோடு போய் இறங்காதீர்கள். காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் செவிப்பறை கிழியலாம். அங்கே போனபின் சளி பிடித்தாலும் டைவை விட்டுவிடுங்கள், பணம் போனால் போகட்டும். தண்ணீருக்குள் பவளத்தின்மேல் நிற்கவும் வேண்டாம், பிடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

டைவிங் எல்லாவற்றையும் ஹேவ்லாக்கிலேயே மூன்றாம் நாளுக்குள் முடித்துவிடும்படி இன்றே மகனிடம் சொல்லி பேக்கேஜை மாற்றச் சொல்லுங்கள். நான்காம் நாள் ராதாநகர் கடற்கரையில் இருவரும் நடந்துவிட்டு, மாலைக் கப்பலில் போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். கடைசி நாள் காலையை செல்லுலார் சிறைக்குக் கொடுங்கள், மதியம் விமானம் ஏறுங்கள்.