அரணுக்குக் கீழே அணுக்கரு இணைவு: முகவரிடம் முன்பணம் கொடுக்கலாமா?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பல்லேடியம் கம்பியைக் கன நீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அறை வெப்பத்திலேயே அணுக்கருக்கள் இணைந்து வீட்டுக்கு ஒரு கிலோவாட் தரும் என்று ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். விலக்கு அரணைவிடக் குறைந்த ஆற்றலிலும் இணைவு நடக்கும் என்று இயற்பியல் படிக்கும் என் மகனும் சொல்கிறான். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். மகன் சொல்வது உண்மை. அந்த உண்மையைத்தான் முகவர் விலைக்கு விற்கிறார்.

நேர்மின்னூட்டம் கொண்ட இரு கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இணையவிடாமல் நடுவே நிற்கும் இந்தத் தள்ளுதல்தான் விலக்கு அரண். ஆனால் துகளுக்கு அலைத்தன்மையும் இருப்பதால், அந்த அலை அரணுக்குள் தேய்ந்து தேய்ந்து மறுபுறத்தில் சிறிதளவு எஞ்சுகிறது. கதிரியக்கக் கரு ஆல்ஃபா துகளை உமிழும் ஆல்ஃபா சிதைவுக்கு இயற்பியலாளர் காமாவ் 1928இல் சொன்ன இந்த விளக்கத்தை, 1929இல் அட்கின்சன், ஹௌட்டர்மன்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். எஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. ஆற்றல் குறையக் குறைய அந்த வாய்ப்பு, வட்டிக்கு வட்டியைத் தலைகீழாகப் போட்டதுபோல, மடங்கு மடங்காகச் சரிகிறது. சூரிய மையத்தின் வெப்பநிலை ஒன்றரைக் கோடி கெல்வின். நம் அறையின் வெப்பநிலை அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கன நீரில் உள்ள கனமான ஹைட்ரஜன்தான் டியூட்டிரியம். அதன் மூலக்கூறு ஒன்றில் உள்ள இரு கருக்கள் தானாக இணைய, 1989இல் வெளியான ஒரு கணக்குப்படி, ஒன்றுக்குப் பின் 63 சுழியங்கள் போட்ட வினாடிகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். பாடத்திட்டமோ மதிப்பெண்ணுக்கு இதன் வரையறையை எழுதச் சொல்கிறதே தவிர, இந்த எண்ணை ஒருமுறையாவது கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முகவர் அதையும் எடுத்துக்காட்டுவார். எலக்ட்ரானுக்குப் பதில் அதைவிட 207 மடங்கு நிறையுள்ள மியூவான் என்ற துகளை வைத்தால், மூலக்கூறு ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிக் குளிரிலும் இணைவு நடக்கிறது. இதை 1956இல் அமெரிக்க இயற்பியலாளர் அல்வாரெஸின் குழு நேரிலேயே கண்டது. ஆனால் மியூவான் வாழ்வது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம்தான். அதற்குள் அது நடத்தும் நூற்றைம்பது இணைவுகள் தரும் ஆற்றல், அதை உண்டாக்க ஆகும் செலவுக்கே போதாது. தவிர, பல்லேடியம் கம்பிக்குள் மியூவான் கிடையாது. அங்கே டியூட்டிரியக் கருக்கள் மூலக்கூறில் இருப்பதைவிட விலகியே இருக்கின்றன.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருவதால், நீரில் மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்பு என்ற சொல்லுக்கே இந்த வட்டாரத்தில் ஒரு மதிப்பு உண்டு. முகவர்களுக்கு அதுவும் ஒரு மூலதனம். காப்புரிமை விண்ணப்ப எண்ணைக் காட்டினால் மயங்காதீர்கள்: எண் கிடைத்துவிட்டதால் கருவி வேலை செய்கிறது என்று ஆகிவிடாது.

வழக்கமான டியூட்டிரிய இணைவால் ஒரு கிலோவாட் வருமானால், வினாடிக்குப் பல நூறு லட்சம் கோடி நியூட்ரான்கள் வெளியேற வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் உயிரைக் குடிக்கும் கதிர்வீச்சு அது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விளக்கிய முகவர் மறுநாளும் நலமாக வந்து முன்பணம் கேட்டார் அல்லவா?