ஏற்றத்தாழ்வு அதிகம் என்று சொல்லும் அமெரிக்கர்களே வாரிசுச் சொத்து வரியை எதிர்ப்பது ஏன்?

முக்கியக் காரணம், அந்த வரி யார் தலையில் விழுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2024-இல் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில் 1.361 கோடி டாலர் வரை கூட்டரசு வரி இருக்கவில்லை. அதற்கு மேல் உள்ளதற்குத்தான் 40% வரை போகும். ஆனால் அப்பா விட்டுப்போன ஒற்றை வீட்டுக்கே வரி வரும் என்று நம்புபவர்கள் ஏராளம். எதிர்ப்பாளர்கள் அதற்கு ‘சாவு வரி’ என்று பெயர் வைத்ததும் நன்றாகவே வேலை செய்தது.

குஸியம்கோ, நார்ட்டன், சயஸ், ஸ்டான்ச்சேவா ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஏற்றத்தாழ்வு பற்றிய விவரங்களைக் காட்டியபோது மக்களின் கவலை கூடியது. எந்த வரி, எந்த உதவித் திட்டம் வேண்டும் என்ற கொள்கை விருப்பமோ பெரிதாக அசையவில்லை. வாரிசுச் சொத்து வரி மட்டும் விதிவிலக்கு: மிகச் சிலரே கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆதரவு வெகுவாக ஏறியது. மற்றவற்றில் குறுக்கே நிற்பது அரசின் மீதான அவநம்பிக்கை. ‘வாங்கிய பணம் ஏழைக்கா போகப்போகிறது?’ என்ற சந்தேகம் நமக்கும் புதிதல்ல.

கருத்துக்கணிப்பு படிக்கும்போது கேள்வியின் வாசகத்தையும் பாருங்கள். அங்கே ‘ஏழைகளுக்கு உதவி’ என்று கேட்டால் பெரும்பான்மை ‘இன்னும் செலவிடலாம்’ என்கிறது. அதையே ‘வெல்ஃபேர்’ (அரசு தரும் நல உதவி) என்று கேட்டால் ஆதரவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.