சான்றிதழ் ஏறியது, சாவியோடு சேரவில்லை

கேள்வி: டாம்கேட் வெப் சர்வரில் ஓடும் எங்கள் ஜாவா அப்ளிகேஷனுக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கி, ஜாவாவோடு வரும் கீடூல் கருவி மூலம் கீஸ்டோரில் (சாவியும் சான்றிதழும் இருக்கும் கோப்பு) ஏற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. ஆனாலும் பிரவுசரில் பழைய செல்ஃப் சைன்டு (நாமே கையெழுத்திட்ட) சான்றிதழ்தான் வருகிறது. ஏன்?

பதில்: அநேகமாக அலையஸை (கீஸ்டோரில் ஒவ்வொரு பதிவுக்கும் வைக்கும் பெயர்) மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். முதன்முதலில் சாவி (பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவி) உருவாக்கியபோது ஒரு அலையஸ் வைத்தீர்கள் அல்லவா, வாங்கிய சான்றிதழையும் அதே பெயரில்தான் ஏற்ற வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் கீடூல் சண்டைக்கு வராது, 'யாரோ ஒருவருடைய சான்றிதழ்' என்று அதைத் தனியாக ஒரு மூலையில் வைத்துவிடும். சாவி பழைய சான்றிதழோடே இருக்கும். ஏற்றும்போது கடைசியில் வந்த வரி நினைவிருக்கிறதா? 'சர்ட்டிஃபிகேட் ரிப்ளை வாஸ் இன்ஸ்டால்டு' என்றால் சரி, 'சர்ட்டிஃபிகேட் வாஸ் ஆடட்' என்றால் சாவியோடு சேரவில்லை என்று அர்த்தம் (இரண்டும் வெற்றிச் செய்தி மாதிரியே இருப்பதுதான் கொடுமை).

கீஸ்டோரை முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் ரூட் (சான்றிதழ் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ்), இண்டர்மீடியட் (அதையும் உங்கள் சான்றிதழையும் இணைப்பது) இரண்டையும் தனித்தனி அலையஸில் ஏற்றி, கடைசியாக உங்கள் சான்றிதழை மட்டும் சாவியின் அலையஸிலேயே ஏற்றுங்கள். அவசரத்தில் சாவி இருக்கும் அலையஸை அழித்துவிட்டு, காப்பியும் இல்லையென்றால், கையில் இருக்கும் சான்றிதழால் பயனில்லை, புதிய சாவியோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

கேள்வி: பிரவுசரில் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. இன்னொரு ஜாவா புரோகிராம் அழைத்தால் மட்டும் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்கிறது.

பதில்: உங்கள் சான்றிதழிலிருந்து நம்பகமான ரூட் வரை சங்கிலியைக் கட்ட முடியவில்லை என்பதுதான் இந்தப் பிழை. சர்வர் இண்டர்மீடியட் சான்றிதழை அனுப்பவில்லை போலிருக்கிறது. பல பிரவுசர்கள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், ஜாவா வழக்கமாக அப்படித் தேடாது. சர்வரின் கீஸ்டோரைக் கீடூலில் விரிவாகப் பட்டியலிட்டு, உங்கள் அலையஸுக்குச் சங்கிலியின் நீளம் 1 (உங்கள் சான்றிதழ் மட்டும்) என்று வருகிறதா பாருங்கள். வந்தால் குறை அங்கேதான்.

அதை விட்டுவிட்டு, அழைக்கும் பக்கத்து சிஏசெர்ட்ஸ் கோப்பில் (ஜாவா நம்பும் சான்றிதழ்கள் இருக்கும் இடம்) சான்றிதழைத் திணிப்பவர்கள் உண்டு. அடுத்த முறை புது ஜாவா போட்டதும் அந்தக் கோப்பும் புதிதாக வரும், பழைய பிழையும் கூடவே வரும். எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் டிரஸ்ட் மேனேஜர் (சான்றிதழை நம்பலாமா என்று முடிவுசெய்யும் நிரல்) எழுதுவதோ, பூட்டை வாங்கிக் கதவில் மாட்டாமல் திண்ணையில் வைப்பதுதான்.